முகப்புப் பலகையும் நிலநடுக்கமும்: கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில்): ஐயா, கட்டடத்தின் வெளிப்பக்கத்தை மூடுகிற கொங்கிரீட், கண்ணாடிப் பலகைகள் நிலநடுக்கத்தில் உடைஞ்சு விழாமல் பொருத்துற கணக்கெல்லாம் யாழ்ப்பாணத்துக்குத் தேவையோ?

பதில்: நாங்கள் புவித்தட்டு எல்லையில் இல்லை, ஆபத்துக் குறைவுதான். ஆனால் பலகை வெளியே சாயாமல் பிடிக்கிற பிடி சூறாவளிக்கும் வேணும். அதையே பக்கவாட்டில் ஓடவும் விட்டால் செலவு பெரிதாய்க் கூடாது.

கேள்வி (திருநெல்வேலி): பலகையை வெறும் பாரமாகக் கணக்கிட்டால் போதாதோ?

பதில்: சட்டகத்தை, அதாவது தூணும் வளையும் சேர்ந்த கூட்டை, இறுக்கிப் பிடிக்கிற பலகை என்றால் போதாது. 32 மீற்றர் உயரம், நடுக்கத் திசையில் 16 மீற்றர் நீளமான ஒரு கட்டடத்தை எடுங்கோ. இந்திய நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893 படி வெறும் கொங்கிரீட் சட்டகத்தின் அலைவுநேரம் (ஒருக்கால் ஆடி முடிக்கிற நேரம்) 1.01 செக்கன், இடையில் கல்சுவர் அடைத்தால் 0.72. அலைவுநேரம் குறைய, கட்டடத்தில் விழுகிற நிலநடுக்க விசை ஏறக்குறைய 40 வீதம் ஏறும். இறுகின பலகையும் அப்பிடித்தான் விறைப்பைக் கூட்டும், பிறகு இடையில் உடைஞ்சு கைவிடும்.

கேள்வி (மானிப்பாய்): அப்ப எப்பிடிப் பொருத்துறது, அண்ணை?

பதில்: 3.2 × 3 மீற்றர், 150 மில்லிமீற்றர் தடிப்புக் கொங்கிரீட் பலகை 3.6 தொன் வரும். பாரம் முழுவதும் கீழே இரண்டு தாங்கிகளில் இறங்கவேணும். மேலே இரண்டு பிடி, நீள்துளையோடு. துளை நீளத்தில்தான் பிழை விடுகினம்: ஒரு மாடி பக்கவாட்டில் நகர அதே விதி விடுகிற எல்லை மாடி உயரத்தின் 0.004, அதாவது 3.2 மீற்றர் மாடிக்கு 12.8 மில்லிமீற்றர் என்று அதையே வெட்டுவினம். அது குறைத்த விசைக்கான நகர்வு. கணக்குக்காக விசையைப் பிரிக்கிற குறைப்புக் காரணி 5 என்றால் உண்மையில் 64 மில்லிமீற்றர் வரை போகும், இரண்டு பக்கமும். அவ்வளவு வெட்டேலாட்டில், வளைஞ்சு கொடுக்கிற நீண்ட கம்பியைப் போடுங்கோ. நட்டை விரலால் இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, இரண்டாவது நட்டால் பூட்டுங்கோ. ஸ்பானர் போட்டு முறுக்கினால் துளை வெட்டியும் வெட்டாத மாதிரித்தான். எங்கட உப்புக் காத்துக்கு 316 ரகத் துருவேறா உருக்குத்தான். கறள் பிடித்த போல்ட் ஓடாது. கட்டட மூலையில் சந்திக்கிற பலகைகளுக்கு இடையிலும் அந்த 64ஐ விடுங்கோ.

கேள்வி: கண்ணாடி, அலுமினியப் பலகை?

பதில்: 4 மில்லிமீற்றர் அலுமினியக் கலவைப் பலகை சதுர மீற்றருக்கு 5.5 கிலோ அளவுதான், கவலையை விடுங்கோ. (அதில் நெருப்புக்குத்தான் பயம்.) 1 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரக் கண்ணாடிக்குச் சுற்றிவர 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால், சட்டம் 36 மில்லிமீற்றர் சரியும் வரை முட்டாது. மேலே 3.2 மீற்றருக்குச் சொன்ன 64, இந்த 2 மீற்றர் உயரத்துக்கு 40. அமெரிக்க விதி கண்ணாடிக்குக் கேட்கிற 1.25 மடங்கோடு 50. அதனால் 9 விடுங்கோ, 54 கிடைக்கும்.

கேள்வி (சுன்னாகம்): கீழே திறந்த கடை, மேல் மாடிகளில் கல்சுவர். பரவாயில்லையோ?

பதில்: உதுதான் எனக்குப் பலகையை விடப் பயம். மேலே விறைப்பு, கீழே வெறும் தூண். நகர்வு முழுக்கக் கீழ்மாடியில் சேரும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இப்பிடிக் கீழ்மாடி திறந்த கட்டடங்கள் பல விழுந்தன. கீழ்மாடியில் இரண்டு திசைக்கும் கொங்கிரீட் சுவர் வையுங்கோ, மின்தூக்கிக் கூட்டைச் சுற்றியாவது.