அலையும் இரட்டைப்படையும்

கேள்வி: 2008-ல் ஒபாமா அலை வீசியதால்தானே ஹில்லரி கிளின்டனால் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முடியவில்லை?
– வாசகர், காரைக்குடி

பதில்: இந்த ‘அலை’யை எதிர்த்து இதே பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று, இனியும் எழுதுவேன். தேர்தல் கணக்கைப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு அது ஒரு சௌகரியம். மொத்த ஓட்டில் இருவரும் ஏறக்குறைய சமம். அலை எங்கே வந்தது?

அந்த ஜனவரியில் நெவாடாவில் 51-க்கு 45 சதவீதம் என்று முந்தியவர் ஹில்லரி. பிரதிநிதிகளோ (கட்சி மாநாட்டில் ஓட்டுப் போட்டு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களிலிருந்து போகிறவர்கள்) ஒபாமாவுக்கு 13, ஹில்லரிக்கு 12!

அந்தக் கட்சியில் மாநிலத்தை ஜெயித்தவர் எல்லாப் பிரதிநிதிகளையும் அள்ள முடியாது. 15 சதவீதத்தைத் தொட்டவர்களுக்கு மட்டும் விகிதப்படி பங்கு. அதிலும் பெரும்பகுதி தொகுதிவாரியாக. ஒரு தொகுதிக்கு நான்கு பிரதிநிதிகள், இருவர் போட்டி என்று வையுங்கள். ஒருவர் 60 சதவீதம் வாங்குகிறார். அவர் பங்கு 2.4; தோற்றவர் பங்கு 1.6. முழு எண்களைக் கொடுத்தபின் மிஞ்சும் ஒரு இடம், பெரிய பின்னம் வைத்திருப்பவருக்கு, அதாவது தோற்றவருக்கு. ஆக 2-2. ஜெயித்தவருக்கு மூன்றாவது பிரதிநிதி வேண்டுமென்றால் 62.5 சதவீதத்தைத் தாண்டியாக வேண்டும். பக்கத்துத் தொகுதிக்கு மூன்றே பிரதிநிதிகள் என்றால் 51 சதவீதமே போதும், 2-1. நெவாடாவில் ஒபாமாவின் பலம் ஒற்றைப்படை எண்ணிக்கை உள்ள கிராமப்புறத்தில் இருந்தது. ஹில்லரி முந்திய இடத்தில் இரட்டைப்படை. பாதிப் பாதியாகப் போய்விட்டது.

பிப்ரவரி 5 இன்னும் கொடுமை. 11 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட நியூஜெர்சியில் ஹில்லரிக்கு 59, ஒபாமாவுக்கு 48: லாபம் 11. சுமார் 21,000 பேர் கூடிய ஐடஹோ காக்கஸில் (ஓட்டுச்சாவடிக்குப் பதில் கட்சிக்காரர்கள் நேரில் கூடி ஆதரவு காட்டும் கூட்டம்) ஒபாமாவுக்கு 15, ஹில்லரிக்கு 3: லாபம் 12. பெரிய மாநிலங்களையே நம்பிய ஹில்லரி தரப்பு சின்னக் காக்கஸ் மாநிலங்களைக் கோட்டை விட்டது. ஒபாமா தரப்பு அங்கெல்லாம் முன்கூட்டியே ஆளும் அலுவலகமும் போட்டிருந்தது. நம் தொலைக்காட்சிகள் வரைபடத்துக்கு வண்ணம் பூசி ‘யாருக்கு எத்தனை மாநிலம்’ என்று விவாதிக்கின்றனவே, அதில் இதில் ஒரு வரியாவது தெரியுமா? தொகுதிக்கு எத்தனை பிரதிநிதி என்ற பட்டியல் இல்லாமல் அந்த விவாதத்துக்கு உட்காரவே கூடாது.

குடியரசுக் கட்சி வேறு ரகம். 2016-ல் தென் கரோலினாவில் டிரம்ப் 32.5 சதவீதத்துக்கே 50 பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று. பிரதிநிதி என்பவர் ரத்தமும் சதையுமான ஆள். தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்றுதான் ஜனநாயகக் கட்சி விதி சொல்கிறது. 2024 ஜூலை 21-ல் பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். மறுநாள் இரவுக்குள் கமலா ஹாரிஸுக்குத் தேவையான பெரும்பான்மை ஆதரவு சேர்ந்துவிட்டது. அதைக் கொடுத்தவர்கள், பைடனுக்காகத் தேர்வான அதே பிரதிநிதிகள்.