கழுத்து வலிக்கு அக்குபஞ்சர் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வருஷமாகக் கழுத்து வலி, தோள்பட்டை வரை இழுக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு தேய்மானம் என்றார்கள். காலர் போட்டேன், வலி மாத்திரை சாப்பிட்டேன்; விட்டால் மறுபடி வருகிறது. கை மரத்துப் போவதில்லை. அக்குபஞ்சர் செய்தால் தேய்மானமே சரியாகிவிடும், பி.பி., சுகர் மாத்திரைகளையும் நிறுத்திவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் பி.பி., சுகர் மாத்திரைகளில் கை வைக்காதீர்கள். நிறுத்தச் சொல்லும் இடமாக இருந்தால் அங்கே அக்குபஞ்சர் ஊசியும் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

தேய்மானம் என்ற சொல்லே பாதிப் பேரைப் பயமுறுத்திவிடுகிறது. உங்கள் வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பலருக்கும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அதை எந்த ஊசியும் திருப்பிச் சரிசெய்யாது, சரிசெய்ய வேண்டிய அவசியமும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்தே தைப்பதால் இறுகிப்போன தசைதான் உங்களை அதிகம் படுத்துகிறது என்று நினைக்கிறேன்.

அந்த வலியை அக்குபஞ்சர் ஓரளவு குறைக்கும். இங்கிலாந்தில் நாட்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 517 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, ஒரு வருஷம் கழித்தும் வலி குறைவாக இருந்தது. வித்தியாசம் பெரிதல்ல. இன்னொரு பிரிவினருக்கு ஊசியே போடாமல், வழக்கமான சிகிச்சையோடு உடலை வைத்துக்கொள்ளும் விதத்தைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வேறு ஆய்வுகளில் ஒப்புக்கு வைத்த போலி ஊசிக்கும் கணிசமான நிவாரணம் கிடைத்திருக்கிறது. அதனால் நாடி, சக்தி ஓட்டம் என்ற விளக்கங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வலி குறைந்தால் சரி.

ஒன்று கவனியுங்கள். நம் ஊரில் நாடி பிடித்துப் பார்த்து, ஒரு இடத்தில் விரலால் தொட்டு அனுப்புவதையும் அக்குபஞ்சர் என்றே சொல்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வு ஊசி வைத்துச் செய்தது. அந்தப் பலனைத் தொடுதலுக்கும் சேர்த்து எழுதிவிட முடியாது.

அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். எங்கே போனாலும் ஊசி புதிதா, உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கிறார்களா என்று பாருங்கள். சுகர் இருப்பதால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குத்திய இடம் லேசாகக் கன்றிப்போகலாம், தலை சுற்றலாம், அது சகஜம். தோள்பட்டையில் ஆழமாகக் குத்தினால் மிக அபூர்வமாக நுரையீரலில் பட்டுவிடும். ஊசிக்குப் பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆறு முறை போய்ப் பாருங்கள். கொஞ்சமும் மாற்றம் இல்லையென்றால் இன்னும் பத்து முறை வாருங்கள் என்பார்கள், பணத்தைக் கொட்டாதீர்கள். வலி குறைந்தால் அந்த நாட்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பிரிவில் கழுத்து, தோள்பட்டைப் பயிற்சிகளை ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்யுங்கள். காலரைக் கழற்றி வையுங்கள். மாதக்கணக்கில் போட்டால் தசை பலம் இழக்கும். வலி மாத்திரையை நீங்களாகவே கடையில் வாங்கித் தொடர்வது பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அப்புறம், தைக்கும்போது துணி தெரிய முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறீர்களா? அப்படியென்றால் மெஷினுக்கு நேர் மேலே ஒரு விளக்கு போடுங்கள், கண்ணாடி பவரைப் பாருங்கள், ஸ்டூல் உயரத்தை மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கை மரத்தாலோ, பிடித்த கத்தரிக்கோல் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலோடு எடையும் குறைந்தாலோ ஊசி, பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள்.