காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாமா, ஜீன் சிகிச்சை வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 40. இரண்டு காதும் படிப்படியாகப் போய்விட்டது, ஹியரிங் எய்டு போட்டாலும் பேச்சு விளங்குவதில்லை, ஜீன் சிகிச்சையில் குழந்தைகளுக்குக் காது கேட்டதாகச் செய்தி படித்தேன் என்று எழுதியிருக்கிறார். காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது உள்காதுக்குள் எலக்ட்ரோடுகளை (மின்முனைகளை) வைத்து, காது நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி.

காத்திருக்காதீர்கள். நானும் "புதுசா ஏதோ வருதாமே" என்று இரண்டு வருடத்தை ஓட்டியவன். காது நரம்புக்குத் தூண்டுதல் இல்லாமல் வருடங்கள் போகப் போக, பின்னால் பொருத்தும் கருவியின் பலன் குறையக்கூடும். எனக்கு அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

நீங்கள் படித்த ஜீன் சிகிச்சைச் செய்தி பொய்யில்லை. ஷாங்காயில் நடந்த ஆய்வு 2024 ஜனவரியில் லான்செட் இதழில் வந்தது. 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது. ஆனால் எல்லோருக்கும் இருந்தது ஒரே கோளாறு: ஒட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கான ஜீன் பழுது. காதுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இருக்கின்றன, நரம்புக்குச் செய்தி கைமாற்றத்தான் முடியவில்லை. அதனால் நல்ல ஜீனை இரண்டு துண்டாக்கி, வைரஸ்களில் ஏற்றி உள்ளே அனுப்பினார்கள் (முழு ஜீனும் ஒரு வைரஸுக்குள் அடங்காது). நம்மைப் போல் நடுவயதில் கேட்கும் திறனை இழந்த பெரும்பாலோருக்கு மயிர்ச்செல்களே செத்துப்போயிருக்கும். செத்தது மனிதக் காதில் தானாக முளைக்காது. முளைக்க வைக்கப் பார்த்த எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து, 2023-ல் இரண்டாம் கட்ட ஆய்வில் போலி மருந்தைத் தாண்டவில்லை. முதலில் வந்த சிறிய ஆய்வைப் படித்துவிட்டு நான் துள்ளிக் குதித்தது தனிக்கதை.

இம்ப்ளான்ட் அப்படியில்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய டாக்டர் கிரேம் கிளார்க் 1977-ல் கடற்கரையில் சங்கு ஒன்றுக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்துகொடுத்து அடி விறைப்பாக இருந்தால் சங்கு போன்ற உள்காதுச் சுருளுக்குள் எலக்ட்ரோடும் போகும் என்று பிடிபட்டது. மறுவருடமே மெல்போர்னில் தன் முதல் நோயாளிக்குப் பொருத்திவிட்டார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள சிகிச்சை இது.

ஆனால் பொருத்திய அன்றே நம் பழைய காது திரும்பிவிடாது. ஸ்விட்ச் ஆன் செய்த நாளில் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பேசினார், எனக்குக் கேட்டது "கீச், கீச்". மனைவி பேசினாலும் அதே கீச். கேளாதவர்களின் பழைய வித்தைப்படி தலையாட்டிச் சமாளித்தேன். நல்ல காதில் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை என் காதில் 22 எலக்ட்ரோடுகள் செய்கின்றன. மிச்சத்தை மூளைதான் ஊகித்துப் பழக வேண்டும். தினம் ஒரு மணி நேரம் மனைவி வாசிக்க, அதே பக்கத்தை நான் விரல் வைத்துத் தொடர்வேன். ஏழாவது வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் "குழாயை மூடுங்க, தண்ணி போகுது" என்று கேட்டது. உதட்டைப் பார்க்காமல் எனக்கு விளங்கிய முதல் வாக்கியம். திட்டுதான், இருந்தாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

பாட்டில் தாளம் நன்றாகக் கிடைக்கிறது, சுருதி இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கனத்த, தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் மிச்சமிருந்தால் அதைக் காப்பாற்றும்படி எலக்ட்ரோடை மெதுவாகச் செலுத்த உங்கள் காதில் வழியுண்டா? இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குப் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று அவர்கள் காட்டும் மதிப்பெண் அமைதியான அறையில் எடுத்ததா, இரைச்சலுக்கு நடுவில் எடுத்ததா? இரண்டாவதற்கு மழுப்பினால் வேறொரு டாக்டரையும் பாருங்கள்.