வாசகர் கேள்வி: ஆளில்லாத படம் எனக்கு வேண்டாம்

(மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞரும் ஆவணப்பட இயக்குநருமான இவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

உங்களுடையது ஸ்டுடியோ குடும்பமா? கேமரா எப்படிக் கைக்கு வந்தது?
*வாசகர், திருமங்கலம்*

இல்லை. அப்பா தெற்கு மாசி வீதிப் பக்கம் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருந்தார். சாமி படங்களுக்கு அடுத்தபடியாக அங்கே வந்தவை இறந்தவர்களின் படங்கள். காரியத்துக்குள் வேண்டும் என்று அவசரமாக வருவார்கள். கையில் இருப்பது ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவாக இருக்கும். பின்வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். “இதிலிருந்து ஆத்தாவை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா?” என்று கேட்பார்கள். ஆயுள் முழுக்க வயலிலும் வீட்டிலும் உழைத்த பெண்ணுக்குத் தனியாக ஒரு படம்கூட இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. நான் கேமராவை எடுத்தது அதனால்தான். இன்றும் யாரைப் படம் எடுத்தாலும் காகிதத்தில் ஒரு பிரதி போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

உங்களை அதிகம் பாதித்த புகைப்படக்காரர் யார்?
*வாசகி, மேலூர்*

லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் புதுமண்டபத்தையும் எடுத்தார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அதில் ஒளி பதிய வெகுநேரம் ஆகும். வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். கல்லில் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

ஆனால் அந்த மதுரையில் ஜனங்களைக் காணோம். நடமாடுகிறவர்கள் அந்தக் காகிதத்தில் நிற்க மாட்டார்கள். அரசு கேட்டதும் முதலில் கட்டடங்களையும் சிற்பங்களையும்தான். எனக்கு அது தாங்கவில்லை. என் முதல் ஆவணப்படத்தைப் புதுமண்டபத்துத் தையல்காரர்களைப் பற்றி எடுத்தேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முந்தைய காலம் அது. நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால், அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்கான உடுப்புகள் தூண்களில் தொங்கும். அந்தச் சத்தமும் வண்ணமும் இல்லாமல் அந்த மண்டபத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை.

அக்கா, நான் கல்லூரி மாணவன். குறும்படம் எடுக்க ஆசை. விளக்குகள் வாடகைக்கு எடுக்கக்கூடப் பணம் இல்லை.
*வாசகர், உசிலம்பட்டி*

தம்பி, சுப்ரதா மித்ராவைப் பற்றிப் படியுங்கள். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்ய வந்தபோது அவருக்கு 21 வயது. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்து ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீடு ஒன்றின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். நேராக விளக்கு அடித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழும். திறந்த முற்றத்தின் வெளிச்சம் வராது. மித்ரா செட்டுக்கு மேலே துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் விளக்கை அடித்து, அதில் பட்டுத் திரும்பிய ஒளியில் படம் பிடித்தார். தையல்காரர் ஒருவரின் வீட்டுக்குள் எடுக்கும்போது அவருடைய எட்டு முழ வேட்டியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கட்டினேன். மதுரை வெயிலுக்கு அதுவே தாராளம்.

தமிழில் ஆவணப்படத்துக்கு முன்னோடி உண்டா?
*வாசகர், சோழவந்தான்*

கோட்டையூர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய அவருடைய படம் 1940இல் வெளிவந்தது. அதற்காக நாடு நாடாகச் சுற்றி, காந்தி பதிவான படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். சுமார் 50,000 அடி. அந்தத் தேடலுக்கு முன் நான் தலை வணங்குகிறேன். இப்போது மதுரையின் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நெகட்டிவ்கள் எடைக்குப் போகின்றன. உங்களுக்குத் தெரிந்த இடத்தில் அப்படிப் பெட்டிகள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட விடாதீர்கள். இதழின் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.