வாலுப் பையனும் பங்குச்சந்தையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேரனைப் பற்றி அவனுடைய டீச்சர் 'ராம்பங்க்ஷஸ்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். மகள், "திட்டியிருக்காங்கம்மா" என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். மருமகனோ, "பாராட்டுதான் அத்தை, விடுங்க" என்கிறார். அகராதியைப் பார்த்தால் பாய்ஸ்டரஸ், எக்ஸூபரன்ட், அன்ரூலி, ரயட்டஸ் என்று ஒரே பொருளில் வரிசையாகப் போகிறது. எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறதம்மா. ஓரிடத்தில் நிற்காத, அடக்கினாலும் அடங்காத, ஆனால் கெட்ட எண்ணம் துளியும் இல்லாத துள்ளல்தான் ராம்பங்க்ஷஸ் ('பங்க்' என்ற இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்). 'சரியான வாலு' என்று நாம் சொல்லும்போது குரலில் கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் செல்லமும் சேர்ந்தே வரும் இல்லையா, அதே தொனி. சின்னப் பிள்ளைகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும்தான் அமெரிக்கர்கள் இதை அதிகம் சொல்வார்கள். வகுப்பு நடத்தவே முடியவில்லை என்று புகார் சொல்ல நினைத்திருந்தால், டீச்சர் 'டிஸ்ரப்டிவ்' என்று எழுதியிருப்பார். அந்தச் சொல் வந்தால்தான் கூப்பிட்டுப் பேச வேண்டும். இதற்குப் போய் மகள் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

இது அமெரிக்க மண்ணில் 1830 வாக்கில் அச்சில் ஏறிய சொல். பிரிட்டனில் அதற்கு முன்பே 'ரம்பஸ்ஷஸ்' இருந்தது, அதற்கும் முன்னால் 'ரொபஸ்ஷஸ்'. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடிகர்களுக்குப் பாடம் சொல்லும் காட்சியில், தலையில் பொய்முடியை மாட்டிக்கொண்டு மேடையில் தொண்டை கிழியக் கத்துபவனைத் திட்டுவது அந்தச் சொல்லால்தான். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நமக்குத் தெரிந்த 'ரொபஸ்ட்', அதாவது உடல் வலு. ஆக, உடம்பில் இருக்கிற தெம்பு கட்டுக்குள் நிற்காமல் வெளியே வருவதுதான் அடிப்படை. ஏழு வயதுப் பையனுக்கு இது பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்?

மற்ற சொற்களை அகராதி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறதே தவிர, அவை ஒன்றல்ல. பாய்ஸ்டரஸில் முக்கியம் சத்தம். கிரிக்கெட் ரசிகர் கூட்டம், பிறந்தநாள் விருந்து, இவையெல்லாம் பாய்ஸ்டரஸ். முன்பு காற்றுக்கும் கடலுக்குமே இதைத் தாராளமாகச் சொன்னார்கள்: 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், தண்ணீர்மேல் நடந்த பேதுரு பார்த்துப் பயந்த காற்று 'பாய்ஸ்டரஸ்'. நம் தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'காற்று பலமாயிருக்கிறதைக் கண்டு' என்று வரும்.

அன்ரூலி என்றால் செல்லம் கிடையாது, விதியை மீறுகிறார் என்று பொருள். விமானத்தில் தகராறு செய்யும் பயணிக்கு நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-இல் கொண்டுவந்த விதிகளிலும் இதே சொல்தான். வாய்த் தகராறுக்கே மூன்று மாதம் வரை பறக்கத் தடை போடலாம். படியாத தலைமுடிக்கும் அன்ரூலி என்பார்கள், அது வேறு. ரயட்டஸ் இன்னும் கனமானது, உள்ளே 'ரயட்', அதாவது கலவரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆளைப் பற்றிச் சொல்லும்போது ரொம்ப யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் சுவர் முழுக்கப் பூத்துக் கிடக்கும் காகிதப்பூவின் நிறங்களைச் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.

தமிழிலும் இதே விளையாட்டு உண்டு. 'அட்டகாசம் பண்றான்' என்றால் புகார், 'அட்டகாசமா இருக்கு' என்றால் பாராட்டு. 'அமர்க்களம்' என்பது போர்க்களம்தான், ஆனாலும் கல்யாண வீடு அமர்க்களப்படுகிறது என்று சந்தோஷமாகத்தானே சொல்கிறோம்? யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே திட்டா பாராட்டா என்று முடிவாகும். அதனால் டீச்சரின் குறிப்பில் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று மகளை ஒருமுறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் என்னை 'எக்ஸூபரன்ட்' என்றோ 'எபுல்லியன்ட்' என்றோ எழுதிக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டுமே உற்சாகம் பொங்குகிற ஆளைக் குறிக்கும் நல்ல சொற்கள்தான், ஆனால் அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. எக்ஸூபரன்ட்டின் லத்தீன் வேரில் செழிப்பு இருக்கிறது, அதனால்தான் மழைக்குப் பிறகு மண்டி வளரும் செடிகொடிக்கும் அதைச் சொல்கிறார்கள். எபுல்லியன்ட்டின் வேர் கொதித்துப் பொங்குவது. இரண்டிலும் அளவு மீறும் சாயல் உண்டு, கணக்கு எழுதும் வேலைக்குப் பொங்கி வழிகிற ஆளை யாரும் தேட மாட்டார்கள். 'என்தூசியாஸ்டிக்' போதும். அதைவிட, கல்லூரி விழாவை முன்னால் நின்று நடத்தியிருந்தால் அதை ஒரு வரியில் எழுதுங்கள், உற்சாகம் தானாகத் தெரியும்.

கேள்வி: பங்குச்சந்தைச் செய்திகளில் 'இர்ரேஷனல் எக்ஸூபரன்ஸ்' என்று அடிக்கடி வருகிறதே, தமிழில் எப்படிச் சொல்லலாம்?
– வாசகர், கோவை

பதில்: 'பகுத்தறிவற்ற உற்சாகம்' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் உயிர் இல்லை. 'தலைகால் புரியாத உற்சாகம்' என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று விளங்கும். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பேன் 1996 டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் ஓர் இரவு விருந்துப் பேச்சில் சொன்னது அது. சந்தை தப்பாகப் போகிறது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, அப்படி ஒரு உற்சாகம் விலைகளை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள்வியாகத்தான் போட்டார். அந்த நேரத்தில் திறந்திருந்த டோக்கியோ சந்தை சுமார் 3 சதவீதம் சரிந்தது, மற்ற ஊர்ச் சந்தைகளும் அதிர்ந்தன. அப்புறம் எல்லாம் மறந்துபோய், விலைகள் மறுபடி ஏறின. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக் குறியீடு 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டி, பிறகுதான் விழ ஆரம்பித்தது.