கிட்டே போனால் படம் மங்குவது ஏன்? வாசகர் கேள்வி பதில்

செல்போனில் சின்னப் பொருள்களைக் கூர்மையாகப் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நெல் தூரில் புகையான் இருக்கிறது. படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினால், "பூச்சியே தெரியலையே, வேற படம் அனுப்புங்க" என்கிறார். போனை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் மங்கலாகத்தான் விழுகிறது. என்ன செய்ய?
– வாசகர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: கிட்டே கொண்டுபோவதுதான் கோளாறு. ஒவ்வொரு லென்சுக்கும் ஓர் எல்லைத் தூரம் உண்டு. அதற்கு உள்ளே வந்துவிட்ட பொருளை அந்த லென்ஸால் கூர்மையாகக் காட்ட முடியாது. இப்போதைய போன்களின் முதன்மைக் கேமராவில் இந்த எல்லை பெரும்பாலும் 10 முதல் 25 செ.மீ. வரை இருக்கும். விலை கூடிய போன்களில் சென்சார், அதாவது லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிவு செய்யும் சில்லு, பெரிது. அவற்றில் எல்லைத் தூரமும் கூடுதலாகவே இருக்கும். பழைய போனில் நன்றாக விழுந்த படம் புதுப் போனில் மங்குவது இதனால்தான்.

உங்கள் போனின் எல்லையை வீட்டிலேயே அளந்துவிடலாம். மேசையில் செய்தித்தாளை விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். போனை 5 செ.மீ. உயரத்தில் வைத்து, திரையில் எழுத்தின் மேல் தொட்டு, மெல்லத் தூக்கிக்கொண்டே இரண்டு செ.மீ.க்கு ஒரு தரம் தொடுங்கள். எழுத்து எந்த உயரத்தில் பளிச்சென்று தெளிகிறதோ அதுதான் எல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு: சில போன்கள் கிட்டே போனதும் நம்மைக் கேட்காமலே அகலக் கோண லென்சுக்கு மாறிக்கொள்ளும். அப்போது திரையில் காட்சி லேசாக ஒரு துள்ளு துள்ளும். சில போன்களில் பூ வடிவக் குறி தெரியும். எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று சந்தேகம் வந்தால் பின்பக்க லென்ஸ்களை விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது திரை இருள்கிறதோ அதுதான்.

வயலில் அந்த எல்லையை விட 2, 3 செ.மீ. தள்ளியே நில்லுங்கள். பூச்சி சின்னதாகத் தெரிந்தால் 2 மடங்கு ஜூம் வையுங்கள். 48, 50 மெகாபிக்சல் சென்சார் உள்ள பல போன்கள் இந்த 2 மடங்கைச் சென்சாரின் நடுப்பகுதியிலிருந்தே எடுப்பதால் தெளிவு அவ்வளவாகக் குறையாது. 5 மடங்கு, 10 மடங்கு என்று இழுத்தால் பல போன்களில் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதற்குப் பதில் எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வது நல்லது.

புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நிழலில் உட்காரும். வளர்ந்த பூச்சியே சுமார் 4 மி.மீ.தான். ஒருவர் தூரை மெதுவாக விலக்கிப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுக்கட்டும். வெளிச்சமும் திரும்பும், பூச்சியும் எடுப்பாகத் தெரியும். அப்படியும் சரியாக வராவிட்டால், தூரைத் தட்டி வெள்ளைத் தட்டில் விழ வைத்து எடுங்கள். அளவு தெரிய ஸ்கேல் வையுங்கள். ஒரு ரூபாய் நாணயம் வேண்டாம், 25 மி.மீ. நாணயமும் 22 மி.மீ. நாணயமும் புழக்கத்தில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: பத்தமடைப் பாயின் நெசவை இணையத்தில் விற்பனைக்குப் படம் எடுக்கிறோம். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கிறது. சில படங்களில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு வேறு.
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: இவை இரண்டும் தனித்தனிக் குறைகள். ஓரம் மங்குவது போன் சாய்ந்திருப்பதால். கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. பாயைத் தரையில் தட்டையாக விரித்து, போனை அதற்கு நேர் இணையாகப் பிடியுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுவிட்டால் பல போன்கள் சமமட்டக் குறியும் காட்டும். நேராகப் பிடித்தும் ஓரம் மங்கினால் அது லென்ஸின் குணம், ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

கறுப்புப் பட்டை எல்.இ.டி. விளக்கால் வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தரம் மினுங்கும். கேமராவின் புரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பட்டை போகும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் எடுப்பது இன்னும் மேல். வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்ந்து விழ வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கோரைக்கும் சின்ன நிழல் விழுந்து நெசவின் நயம் தெரியும். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் பட்டுப்பாய்கூட அச்சடித்த பிளாஸ்டிக் பாய் போலத் தெரியும். அத்தனை நுணுக்கமான கைவேலைக்கு அது அநியாயம். திரையில் அலை அலையாகக் கோடு ஓடினால், போனைக் கொஞ்சம் முன்பின் நகர்த்துங்கள், அல்லது பாயைச் சற்றுத் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: பிச்சி மொட்டைக் கிட்டத்தில் எடுக்க ஆசை. ஆடிக் காற்றில் ஒரு படம்கூட நிற்கவில்லை.
– வாசகி, பணகுடி

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டு நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஆடினால், 1/50 நொடியில் 2 மி.மீ. நகர்ந்துவிடும். 1/1000 நொடியில் 0.1 மி.மீ.தான். ஆகவே நல்ல வெயில் வெளிச்சத்தில் ஷட்டரை 1/500க்கு மேல் வையுங்கள், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 400 வரை போகலாம். செடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, மொட்டுக்குக் கீழே காம்பைத் துணிக் கிளிப்பால் கம்போடு பிடித்துவிடுங்கள். காற்று வரும் பக்கம் ஒரு குடையை விரித்து வைத்தால் பாதித் தொல்லை போகும். மொட்டைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். ஒன்றிரண்டு கட்டாயம் தேறும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். மொட்டு மட்டுமல்ல, நாமும் முன்பின் ஆடுகிறோம்.

கேள்வி: கிட்டத்தில் எடுப்பதற்கென்று கிளிப்பால் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா? என் போனில் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா இருக்கிறதே?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: அந்த 2 மெகாபிக்சல் கேமராவை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது 4 செ.மீ. தூரத்துக்கென்று நிலையாக வைத்தது. தொட்டாலும் ஃபோகஸ் மாறாது, போனைத்தான் நகர்த்த வேண்டும்.

எறும்பின் கண், இலைப்பேன் அளவுக்குப் போக வேண்டுமென்றால் கிளிப் லென்ஸ் வாங்கலாம். '10 மடங்கு' என்று போட்டிருப்பது சரியான அளவாக இருந்தால், சுமார் 2.5 செ.மீ. தூரத்தில்தான் தெளியும், கூர்மையான ஆழம் ஒரு மி.மீ.கூட இராது. போன் உறையைக் கழற்றி, முதன்மை லென்ஸின் நட்டநடுவே மாட்டுங்கள். கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் மங்கும். அகலக் கோண லென்சுக்குத் தானாக மாறும் வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளிப் ஒரு லென்ஸில் இருக்கும், போன் இன்னொன்றால் பார்த்துக்கொண்டிருக்கும். பூச்சியைத் தேடி ஃபோகஸைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், ஃபோகஸைப் பூட்டிவிட்டு, மூச்சை விட்டு நிறுத்தி, போனை மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தியபடி எடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று: இருக்கிற லென்ஸைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். விரலில் ஒட்டிய தேங்காய் எண்ணெய் லேசாகப் பட்டிருந்தாலே படம் முழுக்கப் பனி மூடியதுபோல் இருக்கும்.