கலப்பினத் தக்காளி விதையில் வந்த வேறுபட்ட செடிகள்: பதில்

வணக்கம். கலப்பினத் தக்காளியிலிருந்து நீங்கள் எடுத்த விதைகளில் சில மஞ்சள் பழமும், சில சிறு பழமும் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்கள் பராமரிப்பின் குறை எதுவுமில்லை.

முதல் தலைமுறைக் கலப்பினத்தில் பல மரபணுக்கள் இருவேறு வடிவங்களில் இணைந்திருக்கும். அடுத்த தலைமுறையில் அவை பிரிந்து புதிதாகச் சேர்வதால், ஒன்றையொன்று சாராத பத்து மரபணுக்களை மட்டும் கணக்கிட்டாலும், அவை அனைத்திலும் கலப்பினத்தை ஒத்த செடி சராசரியாக 1,024-இல் ஒன்றுதான் கிடைக்கும்.

மஞ்சள் நிறம் ஒடுங்கு பண்பு (இணையாக உள்ள இரு மரபணு வடிவங்களும் மஞ்சளுக்கானவையாக இருந்தால் மட்டுமே வெளிப்படுவது) என்பதால், அச்செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையில் மஞ்சளையே தரும். சிவப்புச் செடிகளை அப்படி நம்ப இயலாது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மஞ்சளுக்கான மரபணுவை வெளிக்காட்டாமல் சுமந்திருக்கும்.

நிலையான வகை வேண்டுமெனில், விரும்பிய ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே சேமித்து (கலந்துவிட்டால் தேர்வு வீணாகிவிடும்) தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து வாருங்கள். தன்மகரந்தச் சேர்க்கையில் கலப்புநிலை (மரபணுக்கள் இருவேறு வடிவங்களில் இணைந்திருப்பது) தலைமுறைக்குப் பாதியாகக் குறைவதால், முதல் தலைமுறையில் இருந்ததில் ஆறாம் தலைமுறையில் சுமார் 3 விழுக்காடே எஞ்சும். பழ அளவு பல மரபணுக்களாலும் சூழலாலும் அமைவதால், ஒற்றைச் செடியைப் பார்த்து முடிவு செய்யாமல், அதன் சந்ததி முழுவதையும் ஒப்பிட்டுத் தேர்வதே நல்லது. அத்தனை காலம் காத்திருக்க இயலாதெனில், கலப்பின விதையையே மீண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.